எச்.ஐ.வி. உள்ள பெண்களுக்குக் கருப்பைவாய்ப் புற்றுநோய்ப் பரிசோதனை: மூன்று வழிகளில் எதைத் தேர்ந்தெடுப்பது?

எச்.ஐ.வி.யைக் கட்டுப்படுத்தும் ஏ.ஆர்.டி. கூட்டு மருந்தைத் தவறாமல் உட்கொண்டு, இரத்தத்தில் வைரஸ் அளவு சோதனையில் தென்படாத நிலைக்குக் குறைந்து, நோய் எதிர்ப்பாற்றலைக் காட்டும் சிடி4 செல்களின் எண்ணிக்கையும் 500க்கு மேல் நிலைத்திருக்கும் ஒரு பெண்ணுக்குக் கருப்பைவாய்ப் புற்றுநோய்ப் பரிசோதனை தனியாகத் தேவையா என்று கேட்டால், தேவை என்பதில் மருத்துவ உலகில் கருத்து வேறுபாடு இல்லை. தீர்மானிக்க வேண்டியவை அதற்கு அடுத்த கேள்விகளில் இருக்கின்றன: எந்தச் சோதனையைச் செய்துகொள்வது, எத்தனை ஆண்டுகளுக்கு ஒரு முறை, எங்கே சென்று செய்துகொள்வது, கருப்பைவாய்ச் செல்களில் மாறுதல் தென்பட்டால் எந்தச் சிகிச்சைக்கு ஒப்புக்கொள்வது. தமிழ்நாட்டில் வாழும் ஒரு பெண்ணின் முன் இன்று மூன்று சோதனைகள் உள்ளன. அசிட்டிக் அமிலத்தைத் தடவிக் கண்ணால் பார்க்கும் வி.ஐ.ஏ. சோதனை ஒன்று, கருப்பைவாயிலிருந்து செல்களை எடுத்து நுண்ணோக்கியில் பார்க்கும் பாப் ஸ்மியர் மற்றொன்று, இப்புற்றுநோயை உண்டாக்கும் எச்.பி.வி. வைரஸின் மரபுப்பொருளைத் தேடும் டி.என்.ஏ. சோதனை மூன்றாவது. இவற்றைப் பற்றிப் பொதுமக்களுக்காக எழுதப்படும் அறிவுரைகள் எச்.ஐ.வி. உள்ள பெண்களுக்கு அப்படியே பொருந்துவதில்லை. சில இடங்களில் அவற்றை நம்பியிருப்பது ஆபத்தாகவும் முடியும்.

ஏன் பொருந்துவதில்லை என்பதை முதலில் பார்க்க வேண்டும். கருப்பைவாய்ப் புற்றுநோய் ஏறத்தாழ முழுவதும் எச்.பி.வி. வைரஸால் வருவது; அதன் 16, 18 ஆகிய இரு வகைகள் மட்டும் சுமார் 70 சதவீதத்துக்குக் காரணமாகின்றன. பாலுறவு வாழ்க்கை தொடங்கியவர்களில் பெரும்பாலோரை இந்த வைரஸ் ஏதேனும் ஒரு காலத்தில் தொற்றிவிடுகிறது. நல்ல நோய் எதிர்ப்பாற்றல் உள்ள பெண்ணின் உடல் பத்தில் ஒன்பது முறை அதை ஓரிரு ஆண்டுகளில் தானாகவே அகற்றிவிடும். அகற்றும் வேலையைச் செய்பவை டி செல்கள் எனப்படும் வெள்ளை அணுக்கள், எச்.ஐ.வி. அழிப்பதும் அவற்றையே. ஆகவே எச்.ஐ.வி. உள்ள பெண்ணின் உடலில் எச்.பி.வி. நெடுநாள் தங்குகிறது, தங்கிய தொற்று செல் மாறுதலாகவும், மாறுதல் புற்றாகவும் வளரும் வேகம் கூடுகிறது. இயல்பான எதிர்ப்பாற்றல் உள்ளவர்களிடம் 15 முதல் 20 ஆண்டுகள் எடுத்துக்கொள்ளும் இந்த வளர்ச்சி, எதிர்ப்பாற்றல் குன்றியவர்களிடம் 5 முதல் 10 ஆண்டுகளுக்குள் நடந்துவிடலாம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். எச்.ஐ.வி. உள்ள பெண்களுக்கு இப்புற்றுநோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட ஆறு மடங்கு அதிகம் என்பதும் அதே நிறுவனத்தின் கணக்கு. எச்.பி.வி.க்கும் இப்புற்றுநோய்க்கும் உள்ள தொடர்பைக் கண்டறிந்த ஹரால்ட் சூர் ஹவுசனும், எச்.ஐ.வி.யைக் கண்டறிந்த பிரான்சுவாஸ் பாரே-சினோசி, லுக் மோந்தான்யே ஆகிய இருவரும் 2008ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்கள். அந்த இரு வைரஸ்களும் ஒரே உடலில் சேரும்போது நடப்பதைப் பற்றித்தான் இங்கே பேசுகிறோம்.

கூட்டு மருந்து எதிர்ப்பாற்றலை மீட்டுவிடுகிறதே, அது போதாதா என்று பலர் கேட்கிறார்கள். அது நியாயமான கேள்வி. 1996க்குப் பின் கூட்டு மருந்து பரவலான நாடுகளில் கபோசி சார்கோமா என்ற புற்றுநோயும், எச்.ஐ.வி.யோடு தொடர்புடைய லிம்போமா என்ற நிணநீர்ப் புற்றுநோய்களும் வெகுவாகக் குறைந்தன. சிடி4 எண்ணிக்கை 500க்கு மேல் இருக்கும்போதே மருந்தைத் தொடங்கியவர்களுக்குக் கடும் நோயோ மரணமோ நேரும் வாய்ப்பு, தள்ளிப்போட்டவர்களைவிட 57 சதவீதம் குறைந்தது என்று ‘ஸ்டார்ட்’ ஆய்வு 2015இல் காட்டியது. தொற்றுகளால் வரும் புற்றுநோய்கள் குறைந்தது அந்தப் பலனில் ஒரு முக்கியப் பகுதி. இந்தியாவும் 2017 முதல் சிடி4 எண்ணிக்கையைப் பாராமல் எல்லோருக்கும் மருந்து என்ற நிலைக்கு வந்தது. ஆனால் கருப்பைவாய்ப் புற்றுநோய் அந்த அளவுக்கு இறங்கவில்லை. மருந்து தொடங்குவதற்கு முன்பே எதிர்ப்பாற்றல் தாழ்ந்திருந்த ஆண்டுகளில் எச்.பி.வி. செல்களில் வேரூன்றியிருக்கலாம், அவ்வாறு தொடங்கிவிட்ட மாறுதலைப் பின்னர் உயரும் சிடி4 எண்ணிக்கை எப்போதும் திருப்பிவிடுவதில்லை. சென்னையில் 1986இல் இந்தியாவின் முதல் எச்.ஐ.வி. தொற்றுகளை மருத்துவர் சுனிதி சாலமனின் குழு கண்டறிந்தது. அரசு இலவசமாகக் கூட்டு மருந்து வழங்கத் தொடங்கியது 2004 ஏப்ரலில். இடைப்பட்ட ஆண்டுகளிலும், அதன் பின்னர் சிடி4 வெகுவாக இறங்கினால்தான் மருந்து என்ற விதி நடப்பிலிருந்த ஆண்டுகளிலும் தொற்றுக்கு ஆளான பெண்கள் பலர் இன்று நாற்பது, ஐம்பது வயதில் இருக்கிறார்கள். இன்றைய சிடி4 எண் அவர்களின் அன்றைய வரலாற்றைச் சொல்வதில்லை. ஆகவே மருந்து அடித்தளம். பரிசோதனை அதன் மேல் தனியாகச் செய்யப்பட வேண்டிய வேலை.

இனி சோதனைகளுக்கு வருவோம். வி.ஐ.ஏ. சோதனைக்கு ஆய்வகம் வேண்டாம், மின்சாரம் நின்றாலும் ஒரு நல்ல கைவிளக்கு போதும். 3 முதல் 5 சதவீத அசிட்டிக் அமிலத்தைக் கருப்பைவாயில் தடவி ஒரு நிமிடம் காத்திருந்தால், மாறுதலுற்ற பகுதி வெள்ளையாகத் தெரியும். முடிவு அப்போதே தெரிந்துவிடும் என்பதும், சிகிச்சைக் கருவி அங்கேயே இருந்தால் அதே நாளில் சிகிச்சையும் முடிந்துவிடலாம் என்பதும் இதன் பெரும் வலிமைகள். இச்சோதனையின் பெருமைக்குரிய சான்று நம் திண்டுக்கல் மாவட்டத்திலிருந்தே வந்தது. 30 முதல் 59 வயது வரையுள்ள பெண்களிடம், பயிற்சி பெற்ற செவிலியர்களைக் கொண்டு ஒரே ஒரு சுற்று வி.ஐ.ஏ. செய்து, தேவைப்பட்டவர்களுக்குச் சிகிச்சையும் அளித்த அந்த ஆய்வில், நோய் வருவது 25 சதவீதமும் அதனால் இறப்பது 35 சதவீதமும் குறைந்தன. 2007இல் வெளியான இந்த முடிவு, வசதி குறைந்த நாடுகளின் திட்டங்களையே மாற்றியது. மும்பையில் பத்தாம் வகுப்பு வரை படித்த சுகாதாரப் பணியாளர்களைக் கொண்டு இரண்டு ஆண்டுகளுக்கு ஒரு முறை வி.ஐ.ஏ. செய்த மற்றோர் ஆய்வில் இறப்பு 31 சதவீதம் குறைந்தது.

ஆனால் மகாராஷ்டிரத்தின் உஸ்மானாபாத்தில் ஏறத்தாழ 1,31,000 பெண்களிடம் மூன்று சோதனைகளையும் ஒப்பிட்ட ஆய்வு 2009இல் வேறொரு முடிவைத் தந்தது. அங்கே ஒரே ஒரு முறை செய்த எச்.பி.வி. சோதனை, முற்றிய நோயையும் இறப்பையும் ஏறத்தாழப் பாதியாகக் குறைத்தது, வி.ஐ.ஏ.யும் பாப் ஸ்மியரும் அப்படி உறுதியான குறைவைக் காட்டவில்லை. ஒரே சோதனை திண்டுக்கல்லில் உயிர்களைக் காத்து, உஸ்மானாபாத்தில் ஏன் சறுக்கியது? வி.ஐ.ஏ.யின் தரம் பார்ப்பவரின் கண்ணிலும் பயிற்சியிலும், அந்தப் பயிற்சி ஆண்டுதோறும் புதுப்பிக்கப்படுவதிலும் இருக்கிறது என்பதே இதற்குக் கூறத்தக்க விடை என்று நான் கருதுகிறேன். வெள்ளையாகத் தெரிவதெல்லாம் மாறுதல் அல்ல, மாறுதல் எல்லாம் வெள்ளையாகத் தெரிவதுமில்லை. மாதவிடாய் நின்ற பெண்களிடம் பார்க்க வேண்டிய பகுதி கருப்பைவாய்க் குழாயின் உள்ளே ஏறிவிடுவதால், ஏறத்தாழ ஐம்பது வயதுக்குப் பின் இச்சோதனையின் ‘ஒன்றுமில்லை’ என்ற முடிவை நம்பியிருப்பதற்கில்லை.

இந்த ஆய்வுகள் பொதுவான பெண்களிடம் செய்யப்பட்டவை. எச்.ஐ.வி. உள்ளவர்களைப் பற்றி நேரடியாகச் சொல்லும் சான்று தென்னாப்பிரிக்காவின் கேப் டவுன் அருகிலுள்ள கயலிட்ஷாவிலிருந்து கிடைத்தது. இதற்கு முன் பரிசோதனையே செய்துகொள்ளாத பெண்களைக் கொண்ட அந்த ஆய்வில் எச்.ஐ.வி. உள்ள பெண்கள் 956 பேர் இருந்தார்கள். மூன்று ஆண்டுகளுக்குப் பின் பார்த்தபோது, எச்.பி.வி. சோதனையின் அடிப்படையில் சிகிச்சை பெற்ற எச்.ஐ.வி. உள்ள பெண்களிடம் புற்றாக வளரும் வாய்ப்பு மிகுந்த உயர்நிலைச் செல் மாறுதல்கள் ஏறத்தாழ 80 சதவீதமும், வி.ஐ.ஏ. அடிப்படையில் சிகிச்சை பெற்றவர்களிடம் ஏறத்தாழப் பாதியும் குறைந்திருந்தன. பாதி என்பது சிறிய பயன் அல்ல. வேறொன்றும் கிடைக்காத ஊரில் வி.ஐ.ஏ.யை மறுப்பது தவறு. ஆனால் விட்டுப்போன மறுபாதியை நினைத்துப் பார்க்க வேண்டும். நோய் மெல்ல வளரும் பெண்ணிடம் ஒரு சுற்றில் தவறியதை அடுத்த சுற்றில் பிடித்துவிடலாம்; வேகமாக வளரும் பெண்ணிடம் அந்த இரண்டாம் வாய்ப்பு குறுகியது. தேசியத் தொற்றா நோய்த் திட்டம் 30 முதல் 65 வயது வரையுள்ள எல்லாப் பெண்களுக்கும் ஐந்தாண்டுகளுக்கு ஒரு முறை வி.ஐ.ஏ. என்று வகுத்திருக்கிறது. எச்.ஐ.வி. உள்ள பெண், அந்த முகாமில் ‘ஒன்றுமில்லை’ என்று கேட்டுவிட்டு ஐந்தாண்டு நிம்மதியாக இருந்துவிடக் கூடாது. எச்.பி.வி. சோதனை கிடைக்காத இடத்தில் வி.ஐ.ஏ.யோ பாப் ஸ்மியரோ செய்தால், மூன்று ஆண்டுகளுக்கு ஒரு முறை செய்ய வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை.

பாப் ஸ்மியரைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. மேலை நாடுகளில் இப்புற்றுநோயைப் பெரிதும் குறைத்த சோதனை அதுதான். ஆனால் அது அங்கே வென்றது, ஒரு முறை தவறவிட்டதை அடுத்தடுத்த முறைகளில் பிடித்ததால். தனி ஒரு பாப் ஸ்மியர் முன்புற்று மாறுதல்களில் கணிசமான பங்கைத் தவறவிடுகிறது. செல்களைப் படிக்கத் தேர்ந்த நோய்க்குறியியல் வல்லுநர் வேண்டும், முடிவுக்குக் காத்திருக்க வேண்டும், அதைப் பெற இன்னொரு முறை வர வேண்டும். அருகிலுள்ள மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் நல்ல நோய்க்குறியியல் துறை இருந்து, மகப்பேறு மருத்துவரை ஏற்கெனவே தொடர்ந்து பார்த்துவரும் பெண்ணுக்கு இது ஏற்கத்தக்க வழி. மற்றவர்களுக்கு இதை முதல் தேர்வாக நான் சொல்ல மாட்டேன்.

எச்.பி.வி. டி.என்.ஏ. சோதனை செல் மாறுவதற்கு முன்பே காரணியைத் தேடுகிறது. பத்தில் ஒன்பதுக்கும் மேற்பட்ட உயர்நிலை மாறுதல்களை அது பிடித்துவிடுவதால், அதன் ‘இல்லை’ என்ற முடிவுக்கு மற்ற இரண்டையும்விட எடை அதிகம். உலக சுகாதார நிறுவனம் 2021இல் வெளியிட்ட வழிகாட்டுதலில் எச்.ஐ.வி. உள்ள பெண்களுக்கும் இதையே முதல் சோதனையாக வைத்தது. ஆனால் விதிகளைத் தனியாக வகுத்தது. பொதுவான பெண்களுக்கு 30 வயதில் தொடக்கம், 5 முதல் 10 ஆண்டுகளுக்கு ஒரு முறை, எச்.ஐ.வி. உள்ளவர்களுக்கு 25 வயதில் தொடக்கம், 3 முதல் 5 ஆண்டுகளுக்கு ஒரு முறை.

இச்சோதனையின் குறை அதன் வலிமையிலிருந்தே பிறக்கிறது. எச்.ஐ.வி. உள்ள பெண்களிடம் எச்.பி.வி. தொற்று மிகப் பரவலாக இருப்பதால், ‘இருக்கிறது’ என்ற முடிவு பலருக்கு வரும். அவர்களில் பெரும்பாலோரிடம் சிகிச்சை தேவைப்படும் மாறுதல் இராது. அத்தனை பேருக்கும் உடனே சிகிச்சை செய்வது தேவையற்ற காயத்தைத் தருவதாகும். எனவேதான் அந்த வழிகாட்டுதல், பொதுவான பெண்களுக்குச் சோதித்தவுடன் சிகிச்சை என்ற வழியையும் ஏற்றுக்கொண்டு, எச்.ஐ.வி. உள்ளவர்களுக்கு மட்டும் இடையில், சிகிச்சை தேவைப்படுபவர்களைப் பிரித்தெடுக்கும் ஒரு வடிகட்டும் சோதனையை வைக்கச் சொல்கிறது. 16, 18 போன்ற கொடிய வகைகளா என்று பிரித்துப் பார்ப்பது, வி.ஐ.ஏ., பாப் ஸ்மியர், உருப்பெருக்கிக் கருவியால் பார்க்கும் கால்போஸ்கோப்பி ஆகியவற்றில் கிடைப்பது எதுவோ அது அந்த வடிகட்டும் சோதனையாகலாம். அதிலும் மாறுதல் தென்பட்டால் சிகிச்சை. தென்படாவிட்டால் பன்னிரண்டு மாதங்களில் மீண்டும் எச்.பி.வி. சோதனை. இங்கேதான் நடைமுறைச் சிக்கல் எழுகிறது. இரண்டாம் படிக்குப் பெண்ணை மீண்டும் அழைத்துவர ஏற்பாடு இல்லாத இடத்தில், எச்.பி.வி. சோதனையின் உயர்ந்த திறன் காகிதத்தோடு நின்றுவிடும். எந்தச் சோதனை சிறந்தது என்று கேட்பதோடு, அதன் அடுத்த படி எந்தக் கட்டடத்தில், யார் கையில், எந்தத் தேதியில் நடக்கும் என்றும் கேட்டுத் தெரிந்துகொள்வதே சரியான ஒப்பீடு.

முடிவைத் தெரிவிக்கும் ஆலோசகர்கள் தெளிவாகச் சொல்ல வேண்டிய ஒன்று உண்டு. எச்.பி.வி. இருக்கிறது என்பது புற்றுநோய் இருக்கிறது என்பதாகாது. அது எப்போது, யாரிடமிருந்து வந்தது என்று எந்தச் சோதனையும் சொல்லாது; பல ஆண்டுகளுக்கு முன் வந்து அடங்கியிருந்தது இப்போது தென்பட்டிருக்கலாம். எச்.ஐ.வி. என்ற சொல்லால் ஏற்கெனவே வீட்டிலும் ஊரிலும் காயப்பட்ட பெண்ணின் ஒழுக்கத்தின் மேல் இன்னொரு வைரஸின் பெயரால் புதிய சந்தேகம் எழ விடுவது பெரும் அநீதி. அதற்கு அஞ்சியே சோதனையைத் தவிர்ப்பவர்கள் இருக்கிறார்கள்.

இந்த அச்சத்துக்கும் கூச்சத்துக்கும் ஓரளவு விடையாக அமைவது, எச்.பி.வி. சோதனைக்கு மட்டும் உரிய ஒரு வசதி. மாதிரியைப் பெண் தானே எடுக்கலாம். மென்மையான குச்சியையோ தூரிகையையோ பிறப்புறுப்பினுள் வைத்துச் சுழற்றி எடுத்துக் கொடுத்தால் போதும், மரபுப்பொருளைப் பெருக்கிப் பார்க்கும் பி.சி.ஆர். முறையில் சோதித்தால், மருத்துவர் எடுத்த மாதிரிக்கு ஏறத்தாழ நிகரான திறன் அதற்கு இருக்கிறது. மருந்து வாங்க ஏ.ஆர்.டி. மையத்துக்கு எப்படியும் வரும் பெண், அன்றே அங்குள்ள கழிப்பறையில் மாதிரி எடுத்துக் கொடுத்துவிட்டுப் போகலாம். வி.ஐ.ஏ.யிலும் பாப் ஸ்மியரிலும் இது இயலாது.

எங்கே செய்துகொள்வது என்பதிலும் தேர்வு இருக்கிறது. ஊரிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையம் அருகில் இருக்கும், செலவும் இல்லை. ஆனால் தனக்கு எச்.ஐ.வி. உண்டு என்பதை அங்கே சொல்லாமல் மறைக்கும் பெண்ணுக்கு, பொதுவான பெண்களுக்குரிய இடைவெளியும் சிகிச்சையுமே கிடைக்கும். தனியார் ஆய்வகத்தில் எச்.பி.வி. சோதனை எளிதில் கிடைக்கலாம். பணம் கணிசமாகச் செலவாகும், அடுத்த படிக்கு அவர்களிடம் பெரும்பாலும் வழி இராது. மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் ஏ.ஆர்.டி. மையமும் மகளிர் நோய்ப் பிரிவும் ஒரே வளாகத்தில் இருக்கும். தொற்று நிலை ஏற்கெனவே பதிவில் இருப்பதால் மறைக்க வேண்டிய சுமையும் குறைவு. பேருந்துச் செலவும் ஒரு நாள் கூலியும் போனாலும், மருந்து வாங்கும் நாளோடு சேர்த்துக்கொள்ள முடிந்தால், மூன்றாவதே நல்லது என்பது என் கருத்து. ஒப்புதலின்றி எச்.ஐ.வி. நிலையை வெளிப்படுத்துவதையும், அதைக் காட்டிச் சிகிச்சை மறுப்பதையும் 2017ஆம் ஆண்டின் எச்.ஐ.வி., எய்ட்ஸ் தடுப்புச் சட்டம் தடைசெய்கிறது. அது 2018 செப்டம்பர் 10 முதல் நடப்பில் உள்ளது. பரிசோதனை அறையின் வாசலில் இந்தச் சட்டத்தின் பெயரைச் சொல்லத் தயங்க வேண்டியதில்லை.

உடலுறவுக்குப் பின் இரத்தம் படுதல், மாதவிடாய் நின்ற பின் மீண்டும் இரத்தப்போக்கு, துர்நாற்றமுள்ள வெள்ளைப்படுதல் போன்ற அறிகுறிகள் உள்ளவருக்கு இந்த ஒப்பீடு பொருந்தாது. அவர் மூன்றில் எது என்று யோசித்து நாளைக் கடத்தாமல் மகளிர் நோய் மருத்துவரிடம் நேரே சென்று, தேவையெனில் திசுப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும்.

எச்.பி.வி. தடுப்பூசி இந்தத் தேர்வுகளுக்கு மாற்றாகாது. சீரம் நிறுவனம் 2023இல் அறிமுகப்படுத்திய செர்வாவேக் உள்ளிட்ட தடுப்பூசிகள் புதிய தொற்றைத் தடுப்பவை. இருக்கும் தொற்றை அவை அகற்றுவதில்லை. எச்.ஐ.வி. உள்ள சிறுமிகளுக்கு ஒரு தவணை போதாது; குறைந்தது இரண்டு, இயன்றால் மூன்று என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. அந்தச் சிறுமியும் வளர்ந்து 25 வயதை அடைந்ததும் சோதனையைத் தொடங்க வேண்டும்.

உயர்நிலை மாறுதல் உறுதியானால், சிகிச்சையில் இரு வழிகள் வருகின்றன. ஒன்று, மாறிய பகுதியை வெப்பத்தாலோ கடுங்குளிராலோ அழிப்பது. இதற்கு அறுவை அரங்கம் வேண்டாம், செவிலியரே செய்யலாம், சில நிமிடங்களில் முடியும். மற்றொன்று, மின்கம்பி வளையத்தால் அந்தப் பகுதியை வெட்டி எடுப்பது. இதற்கு மருத்துவரும் மரப்பு ஊசியும் இரத்தப்போக்கைச் சமாளிக்கும் வசதியும் தேவை. கென்யாவில் எச்.ஐ.வி. உள்ள 400 பெண்களிடம் குளிர் முறையையும் வளைய முறையையும் ஒப்பிட்டு 2019இல் வெளியான ஆய்வில், இரண்டு ஆண்டுகளுக்குள் மாறுதல் மீண்டும் வந்தது குளிர் முறையில் 30 சதவீதத்தினருக்கு, வளைய முறையில் 19 சதவீதத்தினருக்கு. இரண்டிலுமே மீள்வரவு கணிசமானது. ஆனாலும் வேறுபாடு பொருட்படுத்தத் தக்கது. வெட்டி எடுத்த திசுவை ஆய்வகத்துக்கு அனுப்பி, மறைந்திருக்கும் புற்று ஏதும் உண்டா, ஓரங்கள் தூய்மையாக உள்ளனவா என்று பார்க்கவும் முடிகிறது. அழித்த திசுவில் பார்க்க ஒன்றும் இல்லை. மாறுதல் குழாயின் உள்ளே போயிருந்தாலோ, முழுவதும் கண்ணுக்குத் தெரியாவிட்டாலோ, புற்று என்ற ஐயம் இருந்தாலோ அழிக்கும் முறைக்கே இடமில்லை. வெட்டி எடுப்பதால் பிற்காலக் கருவுறுதலில் குறைப்பிரசவ வாய்ப்பு சற்றுக் கூடலாம் என்பதால், இனியும் குழந்தை வேண்டும் என்பவர் அதை மருத்துவரிடம் முன்பே சொல்ல வேண்டும். வளைய முறை கிடைக்கும் மருத்துவமனைக்கு ஓரிரு வாரங்களுக்குள் போக முடியுமென்றால் எச்.ஐ.வி. உள்ள பெண்ணுக்கு அதையே நான் பரிந்துரைப்பேன். போவது நிச்சயமில்லை என்றால், அழிக்கும் முறைக்குத் தகுந்த மாறுதலுக்கு அன்றே அங்கேயே வெப்பச் சிகிச்சை பெறுவது மேல்.

எம்முறையானாலும், புண் ஆறும் சில வாரங்கள் உடலுறவைத் தவிர்க்க வேண்டும். இயலாதபோது ஆணுறை கட்டாயம். சிகிச்சை முடிந்த பன்னிரண்டாம் மாதம் எச்.பி.வி. சோதனை, அது ‘இல்லை’ என்று வந்தாலும் அடுத்த பன்னிரண்டு மாதங்களில் இன்னொன்று, இரண்டும் ‘இல்லை’ என்றால்தான் 3 முதல் 5 ஆண்டு இடைவெளிக்குத் திரும்ப வேண்டும். பொதுவான பெண்ணுக்கு இவற்றில் முதல் சோதனை மட்டுமே போதுமானது. ஐம்பது வயதுக்குப் பின், உரிய இடைவெளியில் செய்த இரு சோதனைகள் தொடர்ந்து ‘இல்லை’ என்று வந்த பெண் பரிசோதனையை நிறுத்திக்கொள்ளலாம். அந்த இரு முடிவுகளும் கையில் இல்லாதவருக்கு வயது ஐம்பதைத் தாண்டியது நிறுத்துவதற்கான காரணமாகாது. சோதனைகளின் தேதிகளையும் முடிவுகளையும் ஏ.ஆர்.டி. சிகிச்சைப் புத்தகத்தில் சிடி4, வைரஸ் அளவு ஆகியவற்றின் பக்கத்திலேயே எழுதித் தரும்படி மருத்துவ அலுவலரிடம் கேட்டு வாங்கிக்கொள்ளலாம்.